கடைசி ஸ்டாப்பில் இறங்காதவள்

மிளகாய் கடைசியில்தான் என்று சவரிமுத்து சொன்னபோது மரகதவல்லிக்கு வழக்கமாக வருகிற எரிச்சல் இன்றைக்கு வரவில்லை. இன்றைக்கு யாராவது அவள் காலை மிதித்தால்கூட பரவாயில்லைங்க என்று சொல்லிச் சிரித்திருப்பாள், அப்படி ஒரு நிலைமையில் இருந்தாள். உறையூர்ச் சந்துக்குள் இருக்கிற இந்த மில்லில் ஒரே மிஷின், அதனால் வரிசை என்பது வந்த நேரத்தை வைத்து இல்லை, கொண்டுவந்த சாமானை வைத்து. முதலில் பச்சரிசி, பிறகு கோதுமை, கேழ்வரகு, அப்புறம் மல்லி, எல்லாருக்கும் பின்னால் மிளகாய். மிளகாய்க்காரி விடிந்ததும் வந்து ஷட்டரைத் தட்டியிருந்தாலும் சரி, கோதுமைக்காரி ஆடி அசைந்து மத்தியானம் வந்து முந்திக்கொண்டு போவாள், ஒரு வார்த்தை கேட்க முடியாது, ஏனென்றால் மிஷின் வாயில் முந்தின வீட்டுச் சாமான் ஒரு பிடியாவது தங்கித்தான் அடுத்த வீட்டு மாவில் இறங்கும், மிளகாய்க்குப் பின்னால் அரைத்த கோதுமையில் சப்பாத்தி சுட்டால் அன்றைக்குக் குடும்பமே அழும். சவரிமுத்துவுக்கு இதில் தாட்சண்யமே கிடையாது, மில் சொந்தக்காரரும் அவரே, ஓட்டுகிறவரும் அவரே, கலெக்டர் வீட்டு மிளகாயாக இருந்தாலும் கடைசிதான் என்பார். சரி, உட்காருவோம், என்ன கொள்ளை போகிறது என்று மரகதவல்லி பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு, தூக்குவாளியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் கிடையாது, சாப்பாடு முடிந்தது, பாத்திரம் கழுவுவது புருஷன் பரமேஸ்வரன் பாடு. நாலு மணிக்கு இன்னும் நேரமிருக்கிறது. நாலு மணி என்று நினைத்ததுமே வயிற்றுக்குள் குளுகுளுவென்று என்னவோ ஓடியது, நாற்பத்துநாலு வயசில், ஒரு வணிகவியல் டீச்சருக்கு, ஒரு வீடியோ கேமை நினைத்து. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே.

சிரிக்கிறவர்கள் ஒன்றும் குறைவில்லை. மகள் இளவேனில் ஹாஸ்டலுக்குப் போகும்போது கேம் மிஷினை டி.வி.க்குக் கீழே விட்டுவிட்டுப் போனாள், தூசி தட்டப் போன மரகதவல்லி ஒரு பட்டனை அமுக்கிவிட்டாள், அவ்வளவுதான் கதை, அன்றைக்கு இட்லி மாவு புளித்துப் பொங்கித் தரையெல்லாம் வழிந்தது. அப்புறம் ஆடினதைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும் என்று நாக்கு அரித்தது, வீட்டில் கேட்பாரில்லை, அதனால் யூடியூபில் பேசினாள், முகம் காட்டாமல், கையும் குரலும் மட்டும். 'ஆடிப் பார்த்துட்டேன்' என்று சேனலுக்குப் பேர். புதுசாக வருகிற கேம்களை ஆடிப் பார்த்து, நல்லது கெட்டது சொல்லி, கடைசியில் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போடுவது. பத்து வருஷம் பப்ளிக் பரிட்சைப் பேப்பர் திருத்தின கை, சும்மா அள்ளிக் கொடுக்குமா, ஆறே கால், எட்டே கால், ஏழே முக்கால் என்று ஸ்டெப் மார்க் பார்த்துத்தான் போடும். பையன்கள் அவளுக்கு முக்கால் அக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள். முழுசா ஒரு நம்பர் குடுங்கக்கா, மனசு வராதா என்று கமெண்டில் கெஞ்சுவார்கள். பெரிய கம்பெனியின் சண்டை கேம் ஒன்றுக்கு ஐந்தே முக்கால் போட்டபோது கெஞ்சவில்லை, ஒரு மாசம் திட்டினார்கள், அக்கா நீங்க போய் சமையல் வீடியோ போடுங்க, ரசம் வைக்கிறது எப்படின்னு சொல்லுங்க. அவளும் அடுத்த வீடியோவில் நிதானமாக ரசம் வைப்பது எப்படி என்று சொல்லிவிட்டு, இப்போது அந்தத் துப்பாக்கிக்கு வருவோம் என்றாள், அதிலிருந்து பாதிப் பேர் ரசிகர்களாகிவிட்டார்கள். ஒரே ஒரு மார்க்கை மட்டும் அவள் கையால் போட்டதே கிடையாது, ஏழரை. ஏழரை என்றால் சனி, பாவம் யாரோ ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்திருப்பார்கள், அவர்கள் தலையில் ஏழரையை ஏற்றி அனுப்புவானேன். ஏழரைதான் நியாயம் என்று தெரிந்தாலும் ஏழே காலோ ஏழே முக்காலோ போட்டு ஒப்பேற்றிவிடுவாள், இதையும் அவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள், சகுனம் பார்க்கிற ஒரே கேம் விமர்சகி நம்ம அக்காதான் என்று. மிஷின் கடகடவென்று ஓடியது, கோதுமை மாவின் சூடான வாசனை வந்தது, மரகதவல்லி காலை ஆட்டிக்கொண்டே தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள், இன்றைக்கு நாலு மணிக்கு எல்லாப் பயல்களும் வாயைப் பிளப்பான்கள், ஒன்பதே கால். இதுவரைக்கும் எந்தக் கேமுக்கும் போடாத மார்க், நேற்றே பேசிப் பதிவுசெய்து ஏற்றியாகிவிட்டது, நாலு அடித்ததும் தானாக வெளியே போகும். அதற்கு முன்னால் மூச்சு விடக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கேமைக் கொடுப்பார்கள், கேம் வெளியாகிற அதே நேரம்தான் விமர்சனமும் வெளியாகலாம். வாக்கு வாக்குதான், பரமேஸ்வரனிடம்கூட நம்பரைச் சொல்லவில்லை, அவனும் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டான்.

காரைக்குடியில் ஒரு மாடி அறையில் மூன்றே பேர் உட்கார்ந்து செய்த கேம் அது, பேர் 'சில்லறையாக் கொடுங்க'. துப்பாக்கி இல்லை, பூதம் இல்லை, நாம் ஒரு டவுன் பஸ் கண்டக்டர், அவ்வளவுதான். டிக்கெட் கிழிக்க வேண்டும், விசில் ஊத வேண்டும், ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறவனிடம் சண்டை போட வேண்டும், படியில் தொங்குகிறவனை உள்ளே இழுக்க வேண்டும், கோழியோடு ஏறுகிறவருக்குக் கோழிக்கும் டிக்கெட் போடலாமா வேண்டாமா என்று நாமே முடிவு பண்ண வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் அது மட்டும் என்றால் எத்தனையோ கேம்களில் ஒரு கேம். மூன்றாவது ட்ரிப்பில்தான் அவள் அகப்பட்டாள். கடைசி ஸ்டாப் வந்தது, விசில் கொடுத்தாயிற்று, எல்லாரும் இறங்கி மூட்டை முடிச்சோடு நடந்துபோய் மறைந்தார்கள், வண்டி காலி என்று மரகதவல்லி திரும்பிப் பார்த்தால் நாலாவது வரிசை ஜன்னலோரத்தில் நீலப் புடவை கட்டின ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒயர் கூடை. கிட்டே போய் அம்மா இறங்குங்க என்ற பட்டனை அமுக்கினால் பதில் இல்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வண்டி திரும்பிக் கிளம்பியது, ஜனங்கள் ஏறினார்கள், இறங்கினார்கள், இவள் அசையவில்லை, அந்த முனைக்குப் போய் இந்த முனைக்கு வந்து மறுபடி அந்த முனை. நாலாவது தடவை மரகதவல்லி கேட்பதை விட்டுவிட்டாள், தானே ஒரு டிக்கெட்டைக் கிழித்து அவள் பக்கத்தில் வைத்தாள், வைத்ததும் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, அட இதென்ன கூத்து என்று கண்ணைத் துடைத்தால் நிற்கவில்லை. அழுகையென்று சொல்ல முடியாது, துக்கமே இல்லை அதில், யாரோ ரொம்ப நாள் கழித்துப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. ஏனென்றால் அது அவள்தானே. கல்யாணமாகித் திருச்சிக்கு வந்த புதுசில், ஒரு வீடு நிறைய ஆட்கள், எழுந்தால் மரகதம், உட்கார்ந்தால் மரகதம், காபி யாருக்குச் சர்க்கரை இல்லாமல், தம்பி சட்டைக்குப் பட்டன் தைத்தாச்சா, நல்லவர்கள்தான், யாரையும் ஒரு குறை சொல்ல முடியாது, ஆனால் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்க அந்த வீட்டில் இடமில்லை. டைப்ரைட்டிங் கிளாஸ் என்று சொல்லிவிட்டுக் கிளம்பி ஜங்ஷனில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறுவாள். காவிரிப் பாலம் வரும்போது ஒரு காற்று வரும் பாருங்கள், முந்தானையைப் பிடுங்கிக்கொண்டு போகிற காற்று, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அடுப்பில் எதுவும் இல்லை, ஸ்ரீரங்கம் வந்தால் இறங்குவது கிடையாது, அப்படியே திரும்பி வருவாள், மறுபடி பாலம், மறுபடி காற்று. அந்தக் கண்டக்டர் முதல் நாள் ஏம்மா இறங்கலையா என்று கேட்டார், அடுத்த தடவை கேட்கவில்லை, பேசாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் முகம் மறந்துபோய்விட்டது, டிக்கெட்டைக் கிழிக்கிற அந்தக் கை மட்டும் ஞாபகம் இருக்கிறது. இதை அவள் பரமேஸ்வரனிடம் சொன்னதில்லை, ஒளிக்க வேண்டும் என்றில்லை, எப்படிச் சொன்னாலும் என்னம்மா கஷ்டம் உனக்கு என்றுதான் கேட்பான், கஷ்டம் ஒன்றுமில்லை, சந்தோஷமாக இருந்தது என்றால் புரியாது. காரைக்குடியில் யாருக்கோ புரிந்திருக்கிறது. அதைத்தான் விமர்சனத்தில் பாதி நேரம் பேசியிருந்தாள், தன் கதையைச் சொல்லாமல், இந்தக் கேமை எழுதினவர்களுக்கு ஒரு பொம்பளையை நன்றாகத் தெரிந்திருக்கிறது, அவளை எதுவும் கேட்காமல் விடத் தெரிந்திருக்கிறது, அதற்காகவே ஒன்பதே கால் என்று. தொண்டைகூடக் கரகரத்துவிட்டது, அதை வெட்டாமல் அப்படியே விட்டிருந்தாள்.

கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அழகம்மை அனுப்பிய குரல் செய்தி. அந்த மூன்று பேரில் அழகம்மைதான் கேமை எழுதினவள், இருபத்தேழு வயசு இருக்கும், கேமை அனுப்பும்போது ஒருமுறை போனில் பேசியிருக்கிறாள், தப்பு இருந்தா திட்டுங்கக்கா என்று முன்னாலேயே மன்னிப்புக் கேட்கிற குரல். மரகதவல்லி ஒரு காதில் போனை அழுத்தி மறு காதைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள். அக்கா வணக்கம், தொந்தரவுக்கு மன்னிக்கணும், உங்களுக்கு அனுப்பின காப்பியில சில பக் இருந்துச்சு, எல்லாத்தையும் சரி பண்ணிப் புது அப்டேட் விட்டிருக்கோம், நாலு மணிக்கு வெளியாகறது இதுதான், டிக்கெட் கட்டு திடீர்னு காணாமப் போறது, கோழி கூரை மேல ஏறி நிக்கறது, அப்புறம் நீலப் புடவை கட்டின ஒரு பாசஞ்சர் கடைசி ஸ்டாப்புல இறங்காம சுத்திக்கிட்டே இருக்கும், அது உங்களுக்கு ரொம்ப எரிச்சலா இருந்திருக்கும், அதையும் சரி பண்ணியாச்சுக்கா. அவ்வளவுதான் செய்தி. மரகதவல்லி மறுபடி ஒரு தடவை போட்டுக் கேட்டாள். பக் என்றால் கோளாறு. கூரை மேல் ஏறின கோழிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு வித்தியாசமும் இல்லை. எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் ஒரு சிரிப்பு வந்தது, பக்கத்தில் கோதுமையை அரைத்து வாங்கி ஆற வைத்துக்கொண்டிருந்த ஜெயசீலி, எதிர்வீட்டுக்காரி, என்ன டீச்சர் நல்ல சேதியா என்று கேட்டாள். ரொம்ப நல்ல சேதி என்றாள் மரகதவல்லி. எவ்வளவு நல்ல சேதி. உலகமே பார்க்க, தொண்டை கரகரக்க, ஒரு கோளாறைப் பார்த்து உருகி உருகிப் பேசிவைத்திருக்கிறாள், அந்த வீடியோ இன்னும் கொஞ்ச நேரத்தில் வெளியே போகப்போகிறது, அதே நேரம் அந்தப் பொம்பளை அந்தக் கேமில் இருக்க மாட்டாள். ஆடிப் பார்க்கிற பையன்கள் தேடுவான்கள், அக்கா எந்தப் பொம்பளை, எங்க இருக்காங்க, ஒருத்தன் இல்லாவிட்டால் ஒருத்தன் கண்டுபிடித்து விடுவான், அய்யோ அது பக்குக்கா, நீங்க பக்கைப் பார்த்தா அழுதீங்க. அப்புறம் அவளுக்கு முக்கால் அக்கா என்ற பேர் போய் வேறு பேர் வந்துவிடும். ரசம் வைக்கக்கூட லாயக்கில்லை என்பார்கள்.

அது போகட்டும், மூக்குடைபட்டால் என்ன, பவுடர் போட்டால் போச்சு, அவளை அரித்தது அதுவல்ல. அப்படியானால் காரைக்குடியில் யாருக்கும் எதுவும் புரியவில்லை, அந்த நாலாவது வரிசை ஜன்னலில் யாரும் இல்லை, இவள் தனியாக உட்கார்ந்து தன்னையே பார்த்து அழுதிருக்கிறாள், அதை நினைத்தால்தான் என்னவோ செய்தது. வீடியோவை நிறுத்திவிடலாமா. நிறுத்தினால் வேறு பேச வேண்டும், அவள் இல்லாத கேமுக்கு மார்க் என்ன. டிக்கெட், விசில், கோழி, சில்லறை எல்லாம் கூட்டிப் பார்த்தால், கொடுமையே, சரியாக ஏழரை. ஏழே காலாக்கினால் அந்தப் பிள்ளைகளுக்கு அநியாயம், ஏழே முக்கால் போட்டால் பார்க்கிறவர்களுக்கு அநியாயம், எப்படிக் கூட்டிக் கழித்தாலும் அந்தச் சனியன் பிடித்த நம்பரிலேயே வந்து நின்றது. ஒருவேளை அவளை வைத்திருந்தபோதும் அது ஏழரைதானோ. அதற்கு முந்தின வாரம் ஆடின கேம் படு மோசம், நாலே கால், அதற்குப் பின்னால் எதை ஆடியிருந்தாலும் தேனாக இருந்திருக்கும், மிஷின் வாயில் முந்தின வீட்டு மிளகாய் தங்குகிறதே. விமர்சகி வாயிலும் அப்படி ஏதாவது தங்கியிருக்காதா, இரண்டு கேமுக்கும் நடுவில் யார் வந்து இவளை அக்கக்காகக் கழற்றித் துடைத்தார்கள். இல்லை, இல்லை, முந்தி எதை அரைத்திருந்தாலும் கேழ்வரகு கேழ்வரகுதான். டிக்கெட்டைக் கிழித்து அவள் பக்கத்தில் வைத்தபோது கண்ணில் தண்ணீர் முட்டியதே, அது பொய்யா. அவர்கள் வேண்டுமென்று வைக்கவில்லை, சரி, அந்தக் கண்டக்டர்கூட வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை, கேட்க அலுத்துப் போயிருக்கும் அவருக்கு, அதற்காக அந்தப் பாலத்துக் காற்று இல்லையென்று ஆகிவிடுமா. அழகம்மையைக் கூப்பிட்டு அவளை எடுக்காதே என்று சொன்னால் என்ன. ஒரு வார்த்தை போதும், அந்தப் பெண் உடனே வைத்துவிடுவாள், அக்கா சொல்லிவிட்டார்களே என்று. அதுதான் கூடாது. விடைத்தாள் திருத்துகிறவள் விடையையும் எழுதிக்கொடுத்தால் அது என்ன பரிட்சை, செய்கிறவர்களிடம் இதை வை அதை எடு என்று சொல்வதில்லை என்பது அவள் தனக்கு வைத்துக்கொண்ட ஒரே கட்டுப்பாடு, இத்தனை வருஷத்தில் மீறினதில்லை. இப்போது மீறினால் யாருக்குத் தெரியும். யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். சவரிமுத்து கேழ்வரகை முடித்துவிட்டு மிஷினைத் தட்டினார், தட்டத் தட்ட ஒட்டியிருந்த மாவு உதிர்ந்தது, அடுத்து மல்லி, அதற்கப்புறம் மிளகாய் ரெண்டு பேரு என்று அறிவித்தார். மல்லி வாசனை மில் முழுக்க எழுந்தது. ஆகா, எது எப்படிப் போனாலும் மல்லி வாசனைக்குப் பத்துக்குப் பத்து போடலாம் என்று மரகதவல்லி நினைத்தாள், இவ்வளவு குழப்பத்திலும் அவளால் அந்தச் சந்தோஷத்தை ஒளித்துவைக்க முடியவில்லை.

வெளியே வந்து மில் வாசலில் வேப்பமரத்தடியில் நின்று அழகம்மையைக் கூப்பிட்டாள். எதையும் கேட்கப் போவதில்லை, விவரம் மட்டும் தெரிந்துகொள்ளப் போகிறாள், தெரிந்துகொள்வது தப்பில்லை. அழகம்மை முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள், கையில் போனை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள் போலிருக்கிறது, மூச்சு வாங்கியது. மூன்று பேரும் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்றாள், பயத்தில் என்றாள். முதல்ல எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க என்று மரகதவல்லி அதட்டினாள், டீச்சர் குரல் தானாக வந்துவிட்டது. அப்புறம் சும்மா பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி, அந்த நீலப் புடவைக்காரம்மா ஏன் இறங்காமல் இருந்தாள் என்று கேட்டாள்.

அழகம்மை கூச்சத்தோடு சிரித்தாள். "அது எங்க கவனக்குறைவுதான்க்கா. எல்லாப் பாசஞ்சருக்கும் எங்க ஏறணும், எங்க இறங்கணும்னு எழுதினோம். அவங்களுக்கு மட்டும் இறங்கற இடம் எழுத மறந்துட்டோம்."

மரகதவல்லி மரத்தை அண்ணாந்து பார்த்தாள். எழுத மறந்துவிட்டார்களாம். எல்லாருக்கும் எழுதியிருக்கிறது, கோழிக்காரருக்கு எழுதியிருக்கிறது, பள்ளிக்கூடப் பையனுக்கு எழுதியிருக்கிறது, ஒருத்தியை மட்டும் மறந்துவிட்டார்கள், மறந்ததால் அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள், காற்று வாங்கிக்கொண்டு, யாரும் அவளை எங்கேயும் போ என்று சொல்லவில்லை. இப்படி ஒரு பாக்கியம் யாருக்குக் கிடைக்கும். இப்போது எங்கே இறக்கினீர்கள் என்று கேட்டாள். மார்க்கெட் ஸ்டாப்பில் என்றாள் அழகம்மை, அங்கே குறைவான பேர்தான் இறங்குகிறார்கள், அதனால் அங்கே போட்டோம். மார்க்கெட், கையில் ஒயர் கூடை வேறு இருக்கிறது, போய்க் கத்திரிக்காய் வாங்க வேண்டியதுதான், வீட்டுக்குப் போய் வதக்க வேண்டியதுதான். நாக்கு நுனிவரைக்கும் வந்தது, அவளை ஏன்மா இறக்கினீங்க என்று. முழுங்கினாள். புது அப்டேட்டை ஆடிப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன், ஆடிப் பார்க்காமல் எதையும் பேச முடியாது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மில்லுக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து போனிலேயே கேமைத் திறந்தாள், போனிலும் ஆடுகிற கேம்தான் அது. அப்டேட் இறங்குவதற்குள் மல்லி முடிந்து, முதல் மிளகாய் ஏறிவிட்டது, நெடி மூக்கில் அடித்தது, ஜெயசீலி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மாவு இன்னும் சூடு ஆறவில்லை என்ற சாக்கில் நகராமல் நின்றுகொண்டிருந்தாள், அவளுக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. வண்டி கிளம்பியது. மரகதவல்லி விசில் ஊதினாள், சில்லறை கொடுத்தாள், கோழி ஒழுங்காகத் தரையில் நின்றது. நீலப் புடவை ஏறினாள், அதே நாலாவது வரிசை, அதே ஜன்னல், கூடையை மடியில் வைத்தாள். டிக்கெட் கிழிக்கும்போது மரகதவல்லியின் விரல் கொஞ்சம் நின்றது, இதுதான் கடைசி, இனிமேல் நீ இறங்கிப் போய்விடுவாய், நான் ஏழரை போட வேண்டும், வீடியோவை எடுத்துவிட்டு நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும், ஒரு கோளாறைப் பார்த்து அழுதேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், சொல்லிவிடலாம், சொல்வதற்கு என்ன, உண்மைதானே. மார்க்கெட் வந்தது. எல்லா ஸ்டாப்பிலும் ஊதுகிற விசில்தான், ஊதினாள். நீலப் புடவை எழுந்தாள். கூடையை எடுத்துக்கொண்டு, யாரையும் இடிக்காமல், சமர்த்தாக இறங்கினாள். அவளோடு இறங்கின இரண்டு பேர் நடந்துபோய் மறைந்தார்கள். இவள் மறையவில்லை. ஸ்டாப்பிலேயே நின்றாள். வண்டி நகர்ந்து கடைசி ஸ்டாப் போய்த் திரும்பி மறுபடி மார்க்கெட்டுக்கு வந்தபோதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள், கதவு திறந்தது, ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் எல்லாரும் ஏறுவார்கள் என்பது அந்தக் கேமின் சட்டம், இவளும் ஏறினாள், நேராக வந்து நாலாவது வரிசை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்தாள். இறங்குகிற இடத்தை எழுதினவர்கள் இறங்கி எங்கே போகிறாள் என்று எழுத மறந்துவிட்டார்கள். மரகதவல்லி மறுபடி ஒரு ட்ரிப் ஓட்டினாள். மார்க்கெட்டில் இறங்கினாள், நின்றாள், திரும்பி வந்த வண்டியில் ஏறினாள், ஜன்னல். இன்னொரு ட்ரிப். இறங்கினாள், ஏறினாள், ஜன்னல். மரகதவல்லிக்கு வாய் விட்டுச் சிரிப்பு வந்தது, மிளகாய் நெடியில் தும்மலும் வந்தது, தும்மிக்கொண்டே சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, மிளகாயாலா மற்றதாலா என்று பார்க்க அவள் மினக்கெடவில்லை, போடி ராஜாத்தி, உன்னை யாராலும் இறக்க முடியாது, போ.

ஜெயசீலி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தம்மா இப்பத்தானே டீச்சர் இறங்குச்சு?"

"ஆமா. திரும்ப ஏறிடுச்சு."

"எங்க போகுதாம்?"

"எங்கயும் இல்ல. சும்மா போகுது."

ஜெயசீலி கொஞ்ச நேரம் அந்த ஜன்னலையே பார்த்தாள். மாவுப் பாத்திரத்தை இடுப்பில் ஏற்றினவள் இன்னும் கிளம்பாமல் நின்றாள். "குடுத்து வச்சவ" என்றாள்.

மரகதவல்லி என்று சவரிமுத்து கூப்பிட்டார், மிளகாயை மிஷினில் கொட்டச் சொன்னார். கொட்டிவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, வேப்பமரத்தடிக்கு ஓடி வந்து அழகம்மையைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே முடிவு பண்ணிவிட்டாள், வீடியோ அப்படியே இருக்கட்டும், ஒரு எழுத்து மாற்ற வேண்டாம், ஒன்பதே கால் என்றால் ஒன்பதே கால். அந்தப் பெண்ணிடம் நம்பரைச் சொல்ல முடியாது, நாலு மணிக்குத் தானே பார்த்துக்கொள்ளட்டும், பார்த்துவிட்டு என்ன பொம்பளை, எந்தப் பொம்பளை என்று மூன்று பேரும் ஓடிப்போய்த் தேடட்டும், தேடினால் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள். அந்தப் பக்கம் போனை எடுத்தார்கள். பின்னால் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது, சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள், நல்லது. அழகம்மை வாயில் சோற்றை வைத்துக்கொண்டே பேசினாள்.

"ஆடிப் பார்த்தீங்களாக்கா? வேற ஏதாவது கோளாறு கண்ணுல பட்டுச்சா? சொல்லுங்கக்கா, இன்னும் நேரமிருக்கு, சின்னதா இருந்தாலும் இப்பவே சரி பண்ணிடுவோம்."

பேப்பர் திருத்தின பத்து வருஷத்தில் கண்ணில் பட்ட தப்பை அவள் விட்டதில்லை. விமர்சனத்திலும் விட்டதில்லை, பட்டதைப் பட்டபடி சொல்லித்தான் இந்தப் பேரைச் சம்பாதித்தாள். ஒரு வார்த்தை சொன்னால் பத்து நிமிஷத்தில் அந்தப் பொம்பளைக்கு ஒரு தெரு எழுதுவார்கள், தெருவில் ஒரு வீடு, வீட்டில் ஒரு அடுப்பு. மரகதவல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அப்படி ஏதாவது கோளாறு இருக்கிறதா என்று ஒரு தடவை மனசுக்குள் உண்மையாகவே தேடிப் பார்த்தாள்.

"இல்லம்மா. கோளாறு ஒண்ணும் இல்ல. அப்படியே விடுங்க."